நேபாளத்தில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், 2005–2011: ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஏப்ரல் 10 அன்று ஜெனீவாவில் நேபாள அரசும் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐ.நா. நேபாளத்தில் ஒரு மனித உரிமை அலுவலகம் திறக்கும். அதன் அதிகாரிகள் எந்தச் சிறைக்கும், எந்தப் படைமுகாமுக்கும் முன்கூட்டிச் சொல்லாமலே போகலாம். அடைபட்டிருப்பவர்களோடு, காவலர் பக்கத்தில் இல்லாமல், தனியாகப் பேசலாம். ஒன்பது ஆண்டுகளாக உள்நாட்டுப் போரில் கிடந்த நாடு இது. மன்னர் ஆட்சியை நேரடியாகக் கையில் எடுத்துப் பத்து வாரம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட அரசு இதற்கு ஏன் சம்மதித்தது?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அந்த அலுவலகத்தின் வெற்றி, தோல்வி இரண்டுக்கும் விளக்கம் இருக்கிறது என்பது என் கணிப்பு. அலுவலகம் ஆறரை ஆண்டு இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த முதல் ஒன்றரை ஆண்டில் அது செய்த வேலையைப் பார்த்தால், நீண்ட போரில் சிக்கிய நாட்டுக்கு வெளியுலகம் செய்யக்கூடிய மனித உரிமை உதவிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். சமாதானம் வந்த பிறகும் அதே ஒப்பந்தம்தான், அதே வேலைதான். ஆனால் அறிக்கைகள் வந்தனவே தவிர, யாரும் கூண்டில் ஏறவில்லை. கையெழுத்துப் போட வைத்த நெருக்கடி இருந்தவரை அலுவலகத்தின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. நெருக்கடி விலகியதும் அந்த மதிப்பும் குறைந்தது.

போர்

1996 பிப்ரவரி 13 அன்று மாவோயிஸ்டுகள் 'மக்கள் போர்' அறிவித்து, ரோல்பா, ருக்கும் போன்ற மலை மாவட்டங்களில் காவல் நிலையங்களைத் தாக்கத் தொடங்கினார்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகள் அரசு காவல்துறையை வைத்தே சமாளித்தது. 2001 நவம்பரில் டாங் மாவட்டப் படைமுகாம் தாக்கப்பட்ட பிறகு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ராயல் நேபாள இராணுவம் களத்தில் இறங்கியது. அப்புறம்தான் காணாமல்போவோர் எண்ணிக்கை எகிறியது. வலிந்து காணாமலாக்கப்படுதல் குறித்த ஐ.நா. பணிக்குழுவுக்கு 2003, 2004 இரண்டு ஆண்டுகளிலும் உலகிலேயே அதிகமான புதிய புகார்கள் நேபாளத்திலிருந்துதான் போயின.

போர் முடிந்தபோது 13,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள் என்பது அன்றைய கணக்கு. பின்னர் அரசு எடுத்த கணக்கு 17,000-ஐ ஒட்டி வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பட்டியலில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இன்னமும் காணாமல்போனவர்கள்தான்.

ஆட்கள் எப்படிக் காணாமல்போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஒப்பந்தத்தின் அருமை புரியும். பயங்கரவாதத் தடுப்புக்கான அவசரச் சட்டத்தின்கீழ் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அந்தச் சட்டத்தைக்கூட இராணுவம் பல நேரம் பொருட்படுத்தவில்லை. பிடித்தவரை நேரே முகாமுக்குக் கொண்டுபோகும். குடும்பத்தார் ஆட்கொணர்வு மனு போட்டால், அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும். நீதிமன்றத்துக்கு அதைத் தாண்டிப் போக வழியில்லை, மனு தள்ளுபடியாகும். அதையும் மீறி விடுதலை உத்தரவு வாங்கியவர்களை நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டு போனதும் உண்டு.

உள்ளூர் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. இன்செக் என்ற மனித உரிமை அமைப்பு 75 மாவட்டங்களிலும் ஆள் வைத்து, கொலைகளையும் கடத்தல்களையும் ஆண்டுதோறும் பதிவு செய்தது. தேசிய மனித உரிமை ஆணையமும் துணிச்சல் காட்டியது. 2003 ஆகஸ்டில், போர்நிறுத்தம் அமலில் இருந்தபோதே, ராமேச்சாப் மாவட்டத்தின் தோரம்பாவில் 19 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது என்று கண்டறிந்து அறிக்கை கொடுத்தது. ஆனால் முகாம் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் ஆணையத்தால் செய்ய ஒன்றுமில்லை. தகவல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், தைரியமும் இருந்தது. கதவைத் திறக்கும் பலம் மட்டும் இல்லை.

கையெழுத்தின் பின்னணி

2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா பிரதமரை நீக்கிவிட்டு, நெருக்கடி நிலை அறிவித்து, ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கட்சித் தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். பண்பலை வானொலிகளில் செய்தி வாசிக்கத் தடை வந்தது. இந்தியாவும் பிரிட்டனும் ஆயுத உதவியை நிறுத்தின. மாவோயிஸ்டுகளை ஒடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொன்ன மன்னருக்கு, ஒடுக்கத் தேவையான ஆயுதமே வராத நிலை.

அந்த நேரம் பார்த்து ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழுவின் ஆண்டுக் கூட்டம். (இன்றைய மனித உரிமைப் பேரவைக்கு முந்தைய அமைப்பு அது, 2006-இல் கலைக்கப்பட்டது.) நாட்டைவிட்டு வெளியேறியிருந்த நேபாளச் செயற்பாட்டாளர்கள் அங்கே ஒவ்வொரு தூதுக்குழுவாகத் தேடிப்போய்ப் பேசினார்கள். நேபாளத்தின் முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, நிகழ்ச்சி நிரலின் 9-வது பிரிவு: மீறல்களுக்காகக் கண்டிக்கப்பட்டு, தனி அறிக்கையாளர் நியமிக்கப்படும் நாடுகளின் வரிசை. மற்றது 19-வது பிரிவு: தொழில்நுட்ப ஒத்துழைப்பும் ஆலோசனையும் பெறும் நாடுகளின் வரிசை. முதலாவது அவமானம். இரண்டாவதில் மானம் மிஞ்சும். நாட்டுக்குள் ஐ.நா. அலுவலகத்தை முழு அதிகாரத்தோடு அனுமதித்தால் இரண்டாவது பாதை கிடைக்கும் என்பதுதான் பேரத்தின் சாரம். காட்மாண்டு அதை எடுத்துக்கொண்டது.

இதோடு இன்னொரு விஷயம். 1958 முதல் நேபாளம் ஐ.நா. அமைதிப் பணிகளுக்கு ஆள் அனுப்பிவருகிறது. 2005-இல் அதிக எண்ணிக்கையில் சிப்பாய்களை அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் இருந்தது. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,028 டாலர் வீதம் ஐ.நா. அரசுக்குக் கொடுத்தது. பணத்தைவிட, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வெளிநாடு போய்வருவது அதிகாரிகளுக்குக் கௌரவம், பதவி உயர்வுக்கு வழி. சொந்த நாட்டில் சித்திரவதை செய்யும் இராணுவத்தை அமைதிப் பணிக்கு எப்படி எடுப்பது என்ற கேள்வி நியூயார்க்கில் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் தளபதிகளுக்கு இருந்தது. நேபாள இராணுவத்தை அசைக்கக்கூடிய ஒரே பிடி அதுதான் என்று அப்போதே பலர் சொன்னார்கள். அந்தப் பிடி பிற்பாடு எவ்வளவு அரைகுறையாகப் பயன்பட்டது என்பதைப் பிறகு பார்ப்போம்.

முகாமுக்குள்

2005 மே மாதம் இயன் மார்ட்டின் காட்மாண்டு வந்து அலுவலகத் தலைவராகப் பொறுப்பேற்றார். அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் முன்னாள் பொதுச் செயலாளர்; 1999-இல் கிழக்குத் தைமூர் வாக்கெடுப்பை நடத்திய ஐ.நா. குழுவின் தலைவர். தலைநகர் தவிர நேபாள்கஞ்ச், பிராட்நகர், பொக்ரா ஆகிய இடங்களிலும் அலுவலகம் போட்டார்கள். இது முக்கியமான முடிவு. காட்மாண்டில் உட்கார்ந்துகொண்டு பர்தியா போன்ற தொலைவான மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று அறிக்கை எழுத முடியாது.

வேலை கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். வண்டியில் முகாமுக்குப் போவது. தடுப்பில் இருப்பவர்களின் பதிவேட்டைக் கேட்பது. ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, பெயர், ஊர், பிடிபட்ட தேதி, யார் பிடித்தார்கள், இதே முகாமில் வேறு யாரைப் பார்த்தார் என்று எழுதிக்கொள்வது. குடும்பத்துக்குத் தகவல் போகிறதா என்று பார்ப்பது. சில வாரம் கழித்துத் திரும்பப் போய், அதே ஆள் இருக்கிறாரா என்று கேட்பது. அவ்வளவுதான். ஆனால் ஒருவருடைய பெயர் ஐ.நா. அதிகாரியின் குறிப்பேட்டில் ஏறிவிட்ட பிறகு, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. காணாமலாக்குதல் என்ற குற்றம் முழுக்க அந்த ஒரு மறுப்பின் மேல்தான் நிற்கிறது.

2005-க்குப் பிறகு இராணுவத்தின் பிடியில் புதிதாகக் காணாமல்போவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பெருமை முழுவதையும் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட முடியாது. 2005 செப்டம்பரில் மாவோயிஸ்டுகள் ஒருதலையாகப் போர்நிறுத்தம் அறிவித்து நான்கு மாதம் கடைப்பிடித்தார்கள். சர்வதேச நெருக்கடியும் பல பக்கமிருந்து வந்தது. ஆனால் நான்கு ஆண்டுகளாக யாராலும் நிறுத்த முடியாத ஒன்று, கதவு திறந்த சில மாதங்களிலேயே வற்றத் தொடங்கியது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

சித்திரவதை அப்படி நிற்கவில்லை. 2005 செப்டம்பரில் ஐ.நா.வின் சித்திரவதை தொடர்பான தனி அறிக்கையாளர் மன்ஃப்ரெட் நோவாக் வந்தார். காவல்துறையும் இராணுவமும் முறையாகவே சித்திரவதையைக் கையாள்கின்றன என்று முடிவு செய்தார். சில சூழ்நிலைகளில் அது தவறில்லை என்று மூத்த அதிகாரிகளே அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

பைரவ்நாத் பட்டாலியன்

அலுவலகம் செய்த விசாரணைகளில் எடை மிகுந்தது மகாராஜ்கஞ்ச் முகாம் பற்றியது. மகாராஜ்கஞ்ச் காட்மாண்டு நகருக்குள்ளேயே இருக்கும் பகுதி. சுற்றிலும் தூதரகங்கள், மருத்துவமனை, கடைவீதி. அங்கே இருந்த பைரவ்நாத் பட்டாலியன் முகாமில் 2003-இலும் 2004-இலும் நூற்றுக்கணக்கானோர் அடைத்து வைக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். அடி, மின்சாரம், தண்ணீரில் தலையை அமுக்குதல் எல்லாம் நடந்தது. பட்டாலியன் எந்த நேரத்திலும் அப்படி யாரும் இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை.

கண் கட்டப்பட்டிருந்தவரிடம் சாட்சியம் வாங்குவது எளிதல்ல. அவர் பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். பக்கத்தில் கிடந்தவர் கிசுகிசுத்துச் சொன்ன பெயர், விசாரணைக்கு அழைக்கும்போது கூப்பிட்ட பெயர், இரவில் கேட்ட குரல். உயிரோடு வெளியே வந்தவர்களைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல், பெயர்களையும் தேதிகளையும் ஒப்பிட்டார்கள். 2003 டிசம்பர் 20-ஐ ஒட்டிய ஓர் இரவில் ஒரு தொகுதி ஆட்கள் பிரிக்கப்பட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள், அதன்பின் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை என்பது பலருடைய வாக்குமூலத்தில் ஒத்துவந்தது.

2006 மே 26 அன்று அறிக்கை வெளியானது. குறைந்தது 49 பேர் அந்த முகாமிலிருந்து காணாமலாக்கப்பட்டிருக்கிறார்கள் என்றது. பட்டாலியன் எது, அது எந்தப் படைப்பிரிவின்கீழ் இருந்தது, கட்டளை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருந்தது. வெளியான நேரமும் கவனிக்கத்தக்கது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மன்னர் பணிந்து நாடாளுமன்றத்தைத் திரும்ப அழைத்திருந்தார். இராணுவத்தின் பெயரிலிருந்து 'ராயல்' என்ற சொல்லை நாடாளுமன்றம் அந்த மே மாதம்தான் நீக்கியிருந்தது. நடவடிக்கை எடுக்க இதைவிடச் சாதகமான தருணம் வாய்ப்பது அரிது. இராணுவம் ஒரு குழு போட்டு ஆராய்வதாகச் சொன்னது. அந்த 49 பேருக்காக இன்றுவரை ஒரு தண்டனையும் இல்லை.

மற்ற தரப்பு

ஒப்பந்தம் மாவோயிஸ்டுகளோடும் நேரடியாகப் பேச அலுவலகத்துக்கு வழி வைத்திருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் பாதி நாடு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். 2005 ஜூன் 6 அன்று சித்வன் மாவட்டத்தின் மாடியில் பயணிகள் நிரம்பிய பேருந்து ஒன்று மாவோயிஸ்டுகள் வைத்த கண்ணிவெடியில் சிதறியது. இறந்தவர்கள் முப்பத்தைந்துக்கும் மேல்; பெரும்பாலோர் சாதாரண மக்கள். அலுவலகம் திறந்து சில வாரமே ஆன நேரம். ஆட்களை அனுப்பி விசாரித்து, பொறுப்பு யாருடையது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். மாவோயிஸ்டுகளின் தலைவர் பிரசண்டாவும் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அரசின் குற்றங்களை மட்டும் எண்ண வந்தவர்கள் என்ற பழியிலிருந்து அலுவலகம் ஆரம்பத்திலேயே தப்பித்ததற்கு இது ஒரு காரணம்.

2006 ஏப்ரலில் மன்னருக்கு எதிரான மக்கள் எழுச்சி 19 நாள் நடந்தது. ஊரடங்கு அனுமதிச் சீட்டு கொடுக்க அரசு முரண்டு பிடித்தது. அப்படியும் நீல அங்கி போட்ட கண்காணிப்பாளர்கள் தெருக்களிலும் மருத்துவமனைகளிலும் தடுப்பு மையங்களிலும் இருந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போகத்தான் செய்தன. கண்காணிப்பாளர்கள் நின்ற இடத்தில் சுடுவதற்கு அதிகாரிகள் தயங்கினார்கள் என்று போராட்டத்தில் இருந்த பலர் பின்னாளில் சொன்னதை நான் நம்புகிறேன், நிரூபிக்க வழியில்லை.

இலங்கையோடு ஒரு ஒப்பீடு

தமிழில் இதைப் படிப்பவருக்கு இலங்கை நினைவு வராமல் இருக்காது. காலமும் ஒன்றுதான். 2007 பிப்ரவரியில் இலங்கை அரசின் அழைப்பின் பேரில் பதினொரு வெளிநாட்டு நிபுணர்கள் கொண்ட குழு ஒன்று வந்தது. தலைவர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி. திருகோணமலையில் ஐந்து மாணவர்கள், மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் உட்படப் பல படுகொலைகளை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவை இவர்கள் பார்வையிட வேண்டும். அவ்வளவே. தாங்களாக விசாரிக்க முடியாது, எந்தக் கதவையும் திறக்கச் சொல்ல முடியாது. விசாரணை சர்வதேசத் தரத்தில் நடக்கவில்லை, உண்மையைக் கண்டறியும் அரசியல் விருப்பம் அரசிடம் இல்லை என்று சொல்லிவிட்டு 2008-இல் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

2007 அக்டோபரில் உயர் ஆணையர் லூயிஸ் ஆர்பர் கொழும்பு போனார். நேபாளத்தில் அலுவலகம் திறக்க ஒப்பந்தம் போட்டவர் அவர்தான். இலங்கையிலும் கண்காணித்து வெளிப்படையாக அறிக்கை தரும் ஓர் அலுவலகம் வேண்டும் என்றார். பயிற்சி, ஆலோசனை, உள்ளூர் நிறுவனங்களுக்கு வலு சேர்ப்பது என்றால் சரி, கண்காணிப்பு வேண்டாம் என்றது இலங்கை அரசு. காட்மாண்டு 2005-இல் அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை, கொழும்பு 2007-இல் இருந்தது. ஆயுதம் தரும் நட்பு நாடுகள் கொழும்புக்குக் குறைவில்லை. போரில் கை ஓங்கியும் இருந்தது. இரண்டு நாடுகளின் விதி பிரிந்த இடம் இது என்று சொன்னால் மிகை. காரணங்கள் இன்னும் பல. ஆனால் உதவி என்ற பெயரில் எதைக் கேட்க முடிந்தது, எதைக் கேட்க முடியவில்லை என்பதில் இதுதான் வேறுபாடு.

சமாதானத்துக்குப் பிறகு

2006 நவம்பர் 21 அன்று அரசுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் இடையே முழுமையான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மனித உரிமைப் பகுதிகளைக் கண்காணிக்கும் வேலை ஐ.நா. அலுவலகத்துக்கே கொடுக்கப்பட்டது. 5.2.3-ஆம் பிரிவின்படி, காணாமலாக்கப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரையும் சாதியையும் முகவரியையும் இரு தரப்பும் 60 நாளுக்குள் வெளியிட வேண்டும். எழுத்தில் அருமையான பிரிவு. இரு தரப்பும் அதைச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதற்கு ரகசியம் ஒன்றுமில்லை. போரிட்ட இரு தரப்பும் இப்போது ஒரே அரசில் பங்காளிகள். இராணுவத்தைத் தோண்டினால் மாவோயிஸ்டுகள் பக்கமும் தோண்ட வேண்டிவரும். மன்னரை எதிர்க்கும்போது ஐ.நா. அலுவலகத்தைப் புகழ்ந்த கட்சிகள், ஆட்சிக்கு வந்ததும் அதைத் தொந்தரவாகப் பார்த்தன. டெல்லி, லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்கும் இப்போது முக்கியம் தேர்தல் நடப்பதும் மாவோயிஸ்டு ஆயுதங்கள் பூட்டப்படுவதும்தான். பழைய கொலை வழக்குகளை யாரும் மேசைக்குக் கொண்டுவர விரும்பவில்லை.

மைனா சுனுவார் வழக்கு இதைத் துல்லியமாகக் காட்டும். காவ்ரே மாவட்டத்துச் சிறுமி, வயது 15. 2004 பிப்ரவரி 17 அன்று அதிகாலையில் சிப்பாய்கள் அவளுடைய தாயைத் தேடி வந்தார்கள். தாய் இல்லை, மகளைப் பிடித்துப் போனார்கள். பாஞ்ச்கால் முகாமில் சித்திரவதைக்குப் பிறகு அன்றே இறந்தாள். தப்பி ஓடும்போது சுட்டதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக, இறந்த உடலின் மேல் சுட்டிருக்கிறார்கள். அந்தப் பாஞ்ச்கால் முகாம்தான் ஐ.நா. அமைதிப் பணிக்குப் போகும் நேபாளச் சிப்பாய்களுக்குப் பயிற்சி தரும் மையம்.

2005 செப்டம்பரில் இராணுவ நீதிமன்றம் மூன்று அதிகாரிகளுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. கொலைக்காகவோ சித்திரவதைக்காகவோ அல்ல, விசாரணையிலும் சடலத்தை அப்புறப்படுத்தியதிலும் விதிமுறைகளைப் பின்பற்றாததற்காக. விசாரணைக் காலத்தில் முகாமிலேயே இருந்ததால் தண்டனை கழிந்துவிட்டது என்று ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகவில்லை. 2006 டிசம்பரில் ஐ.நா. அலுவலகம் இந்த வழக்குக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. 2007 மார்ச்சில் முகாமுக்குள் புதைத்த இடம் தோண்டப்பட்டது. மரபணுச் சோதனை அவள்தான் என்று உறுதி செய்தது. 2008-இல் காவ்ரே மாவட்ட நீதிமன்றம் நான்கு பேருக்குப் பிடியாணை பிறப்பித்தது. அதில் ஒருவர் பணியில் இருந்த மேஜர். பிடியாணை நிலுவையில் இருக்கும்போதே அவர் சாட் நாட்டில் ஐ.நா. அமைதிப் பணியில் இருந்தார்!

விஷயம் தெரிந்ததும் 2009 டிசம்பரில் ஐ.நா. அவரைத் திருப்பி அனுப்பியது. காட்மாண்டு விமான நிலையத்தில் வந்து இறங்கியவரை இராணுவம் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. காவல்துறையிடம் ஒப்படைக்கும்படி பிரதமர் சொல்லியும் ஒப்படைக்கவில்லை. 2017 ஏப்ரலில் மற்ற மூன்று முன்னாள் அதிகாரிகளுக்கு, அவர்கள் ஆஜராகாத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேஜர் விடுவிக்கப்பட்டார். தண்டிக்கப்பட்ட மூவரும் சிறைக்குப் போகவில்லை.

அமைதிப் பணி என்ற பிடியைப் பற்றி முன்னால் சொன்னேன். அதை இறுக்குவதற்குக் காட்மாண்டின் சம்மதம் தேவையில்லை; முழுக்க ஐ.நா.வின் கையில் இருந்த விஷயம் அது. ஒரு பிரிவு பாஞ்ச்காலைப் பற்றி அறிக்கை எழுத, இன்னொரு பிரிவு அங்கிருந்தவரையே பணிக்கு எடுத்துக்கொண்டது. பணியாளர்களின் மனித உரிமைப் பின்னணியைச் சோதிக்கும் கொள்கையை ஐ.நா. முறையாகக் கொண்டுவந்தது 2012 டிசம்பரில்தான். நேபாள அலுவலகம் மூடி அப்போது ஓராண்டு. அடுத்த மாதமே, 2013 ஜனவரியில், தெற்கு சூடான் ஐ.நா. பணியில் இருந்த ஒரு நேபாளக் கர்னல் விடுமுறைக்கு பிரிட்டன் போனபோது சித்திரவதைக் குற்றச்சாட்டில் கைதானார். (லண்டனில் நடந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது, இன்னொன்றில் முடிவுக்கு வரவில்லை, வழக்கு அத்தோடு நின்றது.)

பர்தியா மாவட்ட அறிக்கையையும் சொல்ல வேண்டும். 2008 டிசம்பரில் வந்தது. 2001–2004 காலத்தில் அந்த ஒரே மாவட்டத்தில் அரசுத் தரப்பால் காணாமலாக்கப்பட்ட 156 பேரின் விவரங்களையும், மாவோயிஸ்டுகள் கடத்திய 14 பேரின் விவரங்களையும் பதிவு செய்தது. 156-இல் 135 பேர் தாரு பழங்குடியினர். சமவெளியில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கொத்தடிமைகளாக இருந்து, 2000-இல்தான் சட்டப்படி விடுவிக்கப்பட்ட சமூகம் அது. நிலத் தகராறுக்கும் மாவோயிஸ்ட் என்ற முத்திரைக்கும் இருந்த தொடர்பை அறிக்கை வெளிச்சம் போட்டுக் காட்டியது. நேபாள்கஞ்சில் கிளை இல்லாமல் இருந்திருந்தால் இது எழுதப்பட்டிருக்காது. 2010 ஒப்பந்த நீட்டிப்பின்போது தலைநகருக்கு வெளியே இருந்த அலுவலகங்களைத்தான் அரசு முதலில் மூடச் சொன்னது.

காணாமல்போனவர்களின் மனைவிமார்களுக்கு நேர்ந்த தொல்லை தனி. கணவர் இறந்தார் என்று சான்றிதழ் இல்லாமல் நிலத்தைப் பெயர் மாற்ற முடியாது. இறந்தார் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கைக் கைவிட்டதாக ஆகும். அரசு கொடுத்த இடைக்கால நிவாரணம் இறந்தவர், காணாமல்போனவர் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர் போன்றோருக்கும் போனது. சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளாகி உயிரோடிருப்பவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

2011 ஆகஸ்டில் மாவோயிஸ்ட் கட்சியின் பாபுராம் பட்டராய் பிரதமரானார். நவம்பரில் அவருடைய அமைச்சரவை, கொலை வழக்கில் உச்ச நீதிமன்றமே தண்டனையை உறுதி செய்த தன் கட்சி உறுப்பினர் ஒருவருக்கு மன்னிப்பு வழங்கப் பரிந்துரைத்தது. டிசம்பர் 8-ஆம் தேதியோடு ஐ.நா. அலுவலகத்தின் காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. இராணுவமோ மகாராஜ்கஞ்ச் பட்டாலியன் எந்தப் படைப்பிரிவில் இருந்ததோ அதன் அன்றைய தளபதிக்கு அதற்குள் இரண்டாம் நிலைப் பதவி வரை உயர்வு கொடுத்திருந்தது. எதிரெதிர் முகாம்கள், இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

ஒப்பந்தத்தில் விடுபட்டவை

2005 ஒப்பந்தத்தை எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்று தேவைப்பட்டது உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றுவது. அதற்கு வேண்டிய பிரிவுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் போர் முடியும் நாள் வரும், அன்று அழைத்த அரசு இருக்காது என்பதை மனதில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. அதன்பின் ஒவ்வொரு தடவையும் அரசின் தயவு. இரண்டாண்டு, ஓராண்டு, கடைசியில் ஆறு மாதம் என்று நீட்டிப்பு சுருங்கியபோது, கறாராகப் பேசினால் அடுத்த நீட்டிப்பு கிடைக்காதோ என்ற யோசனை அலுவலகத்துக்குள்ளும் வராமல் இருந்திருக்காது. வெளியேறும் நாளைக் காலண்டரில் குறிக்காமல், 5.2.3 போன்ற ஒரு கடமை நிறைவேறுவதோடு இணைத்திருக்கலாம்.

தேசிய ஆணையத்தோடு இருந்த உறவும் சரியாக அமையவில்லை. பணமும் வாகனமும் சர்வதேசச் செல்வாக்கும் உள்ள அலுவலகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், தாங்கள் ஓரங்கட்டப்பட்டதாக ஆணையத்தினர் வருந்தினார்கள். அதில் நியாயம் இருந்தது. 2007-இல் ஆணையம் அரசியல் சட்ட அந்தஸ்து பெற்ற பிறகு, அதைக் காரணம் காட்டியே ஐ.நா. அலுவலகம் இனி எதற்கு என்று அரசு கேட்டது.

இப்போது மீதமிருப்பது ஆவணம். 2012 அக்டோபரில் ஜெனீவாவிலிருந்து நேபாள மோதல் அறிக்கை வெளியானது. கூடவே சுமார் 30,000 ஆவணங்களும் சம்பவக் குறிப்புகளும் அடங்கிய காப்பகம். 9,000 வரையிலான கடுமையான மீறல்கள் அதில் அடையாளம் காணப்பட்டுள்ளன. நேபாளம் 2015-இல் அமைத்த உண்மை ஆணையத்துக்கு 63,000-க்கும் மேற்பட்ட புகார்களும், காணாமல்போனோர் ஆணையத்துக்கு 3,200-க்கும் மேற்பட்ட புகார்களும் வந்தன. பத்தாண்டு கடந்தும் இந்த ஆணையங்கள் வழியாக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணையங்களுக்கான சட்டத்தில் இருந்த பொதுமன்னிப்புப் பிரிவுகளை ரத்து செய்தது. அதற்கேற்பச் சட்டம் திருத்தப்பட்டது 2024 ஆகஸ்டில். கொலை, பாலியல் வன்முறை, காணாமலாக்குதல், கொடூரச் சித்திரவதை ஆகியவற்றைத் திருத்தம் தனியாகப் பிரித்து, சிறப்பு நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது. 2025 மே மாதம் ஆணையங்களுக்குப் புதிய உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் பல அந்தத் தேர்வையே எதிர்த்தன.

அந்தச் சிறப்பு நீதிமன்றம் உண்மையில் அமைந்து, மகாராஜ்கஞ்ச் வழக்கு அங்கே போனால், முதல் சிக்கல் காப்பகத்திலேயே இருக்கிறது. வெளியிட்ட அறிக்கையை யாரும் எடுத்துக் காட்டலாம். அதன் அடிப்படையான வாக்குமூலங்களை அப்படிக் கொடுக்க முடியாது. ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் பேரில் வாங்கியவை அவை. ஒவ்வொரு சாட்சியையும் இப்போது தேடிக் கண்டுபிடித்து, பெயரை நீதிமன்றத்தில் சொல்லச் சம்மதமா என்று புதிதாகக் கேட்க வேண்டும். சாட்சிப் பாதுகாப்பு உறுதியாகாத நாட்டில், இருபது ஆண்டு கழித்து, அதற்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பது நேபாள வழக்கறிஞர்கள் கையில் இருக்கும் அடுத்த வேலை.